இங்கிலாந்துக் குடியானவரின் செங்கல் வீடு

இங்கிலாந்தின் கிழக்குப் பாகத்திலுள்ள நார்போக், சபோக் ஜில்லாக்களில் குடியானவர்களின் பழைய செங்கல் வீடுகள் இன்றும் பல காணப்படுகின்றன. முற்காலத்தில் அவர்கள் மரச்சட்டங்களை நிறுத்தி, இடையே மிளார் பின்னிக் களிமண் அப்பிச் சுவர் வைத்தனர். நெருப்பு பயமும் நல்ல மரத்தின் அருமையும் வசதியுள்ளவர்களைச் செங்கல்லை நாடச் செய்தன. கல்லை வெகுதூரத்திலிருந்து வண்டியேற்றிக் கொணர்வது கட்டுப்படியாகாதபடியால், கூடியவரை அண்டையிலேயே மண் வெட்டி, காளவாய் போட்டுச் சுட்டுக்கொண்டனர். வெட்டின பள்ளம் பின்னர் கால்நடைகளுக்குக் குட்டையாயிற்று.

ஒரு வரிசை நீளவாட்டமாகவும் அடுத்த வரிசை குறுக்குவாட்டமாகவும் வைப்பது இங்கிலீஷ் கட்டு எனப்படும். ஒரே வரிசையில் இருவகையும் மாறி மாறி வைப்பது பிளெமிஷ் கட்டு. எதுவாயினும், குறுக்குக்கல்லே சுவரின் இரு முகங்களையும் கோத்துப் பிடிப்பதாகும். கூரையின் சரிவை ஒட்டிய முக்கோணச் சுவரின் ஓரத்தில் கற்களைச் சரிவுக்குச் செங்குத்தாகத் திருப்பிப் பதித்திருப்பது மிகவும் புத்திசாலித்தனமான வேலை. வெட்டிய கல்லின் மிருதுவான உட்பாகம் அதனால் மழையில் படுவதில்லை.

1784-ல் ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. வரி எண்ணிக்கையின்மீதானதால் சிலர் கல்லைப் பெரிதாக்கினர். 1803-ல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி வந்தது. 1850-ல் வரி ஒழிந்தது.

இவ்வீடுகள் நெடுங்காலம் நிலைத்ததற்கு முக்கிய காரணம் சுண்ணாம்புக் காரை. அது கல்லைவிட மிருதுவானது. அஸ்திவாரம் சற்று அமுங்கினாலும் காரை இசைந்து கொடுக்கும். சுவர் குடித்த மழைநீரும் பெரும்பாலும் அச்சந்துகளின் வழியாகவே ஆவியாய் வெளியேறும். 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்டு சிமிட்டிக்கு உரிமை பெற்றார். புதுக்கட்டிடங்களுக்கு அது பெரிதும் உதவியது. ஆனால், 20-ம் நூற்றாண்டில் பழைய சுவர்களின் சந்துகளிலும் அதையே திணித்துப் பூசியது பெருங்கேடாய் முடிந்தது. சந்து அடைபட்டதும் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து பருக்கும். கல்லின் முகம் செதில் செதிலாய் உதிரும். நாளடைவில் சிமிட்டி மாத்திரம் வரப்புபோல் நிற்க, கல் குழிந்துபோகும். உறுதிக்கென்று செலவிட்ட பணமே சுவரை அரிப்பதாயிற்று.

வில்லியம் மாரிஸ் முதலியோர் 1877-ல் ஸ்தாபித்த பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் இவற்றிற்குச் சுண்ணாம்பையே சிபார்சு செய்கிறது. சிமிட்டி தளர்ந்திருக்குமிடத்தில் அதைக் கையுளியால் மெதுவாக எடுத்துவிடலாம். இறுகப் பற்றியிருந்தால், கல்லின் விளிம்பு உடையாமலிருக்க, அது தானே தளரும்வரை விட்டுவைப்பதே மேல். புதுக்காரை உறைபனிக்கு முன் இறுகவேண்டுமாதலால், வேலையைக் கோடையில் முடித்து ஈரச்சாக்கால் மூடி வைப்பர்.