ஓடாத குதிரைக்கும் ஒரு விலை உண்டு!

கடைசி நேரத்தில் ஒரு குதிரை விலகிவிட்டால், மற்ற குதிரைகள் மீது கட்டிய பணம் என்ன ஆகும்?

2023 மே 6, சனிக்கிழமை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் உள்ள சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். அன்று மாலை கென்டக்கி டெர்பி. அமெரிக்காவே டி.வி முன்னால் உட்காரும் குதிரைப் பந்தயம் அது. ‘ஜெயிக்க அதிக வாய்ப்புள்ள குதிரை’ என்று எல்லோரும் கைகாட்டியது ஃபோர்ட்டே என்ற குதிரையை.

அன்று காலை அரசுத் தரப்புக் கால்நடை மருத்துவர்கள் ஃபோர்ட்டேயைச் சோதித்தார்கள். வலது முன்னங்காலின் குளம்புப் பகுதியில் அடிபட்ட ரத்தக்கட்டு. ‘இது ஓடக் கூடாது’ என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். பல மாதம் தயாரான குதிரை, பந்தய நாளன்று லாயத்திலேயே நின்றது. அந்த ஆண்டு டெர்பியிலிருந்து இப்படி விலகியவை மொத்தம் 5 குதிரைகள்.

ஒரு குதிரை ஓடவில்லை, அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் அது விலகிய அந்த நிமிடமே மற்ற எல்லாக் குதிரைகளின் விலையும் மாறிவிடுகிறது. அதிகாலையில் 1-க்கு 8 என்று மதிப்பிடப்பட்டிருந்த ஏஞ்சல் ஆஃப் எம்பயர் என்ற குதிரை, மாலையில் சுமார் 1-க்கு 4 என்ற விலையில் முதல் ஃபேவரிட்டாகக் களத்தில் நின்றது. இதற்கு ஃபோர்ட்டேயின் விலகல் மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் காலியான அந்த நாற்காலி பெரிய காரணம்.

இது எப்படி நடக்கிறது? ஓடாத குதிரைக்காக, ஓடி ஜெயித்த குதிரையின் மீது கட்டியவர் ஏன் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்? கணக்கைப் பார்த்தால், பந்தயம் பக்கமே போகாதவர்களுக்கும் சுவாரஸ்யமாக இருக்கும்.

விடுதலைப் பத்திரக் கணக்கு

முதலில் ‘1-க்கு 3’ என்றால் என்ன? 1 ரூபாய் கட்டினால், ஜெயித்தபின் 3 ரூபாய் லாபம். கட்டிய 1 ரூபாயும் திரும்ப வரும். இதைத் திருப்பிப் படித்தால், ‘இந்தக் குதிரை 4 தடவை ஓடினால் 1 தடவை ஜெயிக்கும்’ என்று பொருள். அதாவது 25 சதவீத வாய்ப்பு. 1-க்கு 4 என்றால் 20 சதவீதம். 1-க்கு 9 என்றால் 10 சதவீதம். சரிக்குச் சரி, அதாவது 1-க்கு 1 என்றால் 50 சதவீதம்.

இப்போது ஒரு குடும்பச் சொத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்கு வாரிசுகள். ஒருவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் பங்கு காற்றில் கரைந்துவிடாது. மற்ற மூவருக்கும் அவரவர் பங்கின் அளவுக்கு ஏற்பப் பிரியும். பந்தயமும் அப்படித்தான். ஜெயிக்கும் வாய்ப்பு என்பது 100 சதவீதச் சொத்து. ஓடும் குதிரைகள்தான் வாரிசுகள்.

நான்கு குதிரைகள். கறுப்புக்கு 50 சதவீதம், சிவப்புக்கு 25, வெள்ளைக்கு 15, சாம்பலுக்கு 10. கறுப்பு விலகிவிட்டது. மீதியிருக்கும் 50-ல் பாதி சிவப்பினுடையது. ஆக, சிவப்பின் வாய்ப்பு ஒரே நொடியில் 25-லிருந்து 50 சதவீதம். நியாயமான விலை 1-க்கு 3-லிருந்து 1-க்கு 1. குதிரை மாறவில்லை, ஜாக்கி மாறவில்லை, பாதை மாறவில்லை. எதிரி மட்டும் இல்லை.

இதே இடத்தில் கறுப்புக்குப் பதில் சாம்பல் விலகியிருந்தால்? சிவப்பின் வாய்ப்பு 25-லிருந்து 28-ஐக்கூடத் தொடாது. எந்தக் குதிரை விலகுகிறது என்பதுதான் விஷயம். எத்தனை விலகின என்பது அல்ல.

பணம் கட்டும் இரண்டு வழிகள்

உலகெங்கும் பந்தயப் பணம் இரண்டு வழிகளில் கட்டப்படுகிறது.

ஒன்று, டோட் என்னும் பொதுப் பானை முறை. 1867-ல் பாரிஸில் இதைக் கொண்டுவந்தவர் ஜோசப் ஓலர். பின்னாளில் மூலான் ரூஜ் கேளிக்கை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். எல்லோர் பணமும் ஒரே பானையில் சேரும். நடத்துபவரின் கமிஷன் போக, மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரியும். விலை என்பது பந்தயம் தொடங்கும் கடைசி நொடிவரை மாறிக்கொண்டே இருக்கும். இந்த முறையில் சிக்கல் குறைவு. விலகிய குதிரை மீது கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதிப் பானைக்குப் புதுக் கணக்குப் போட்டுவிடுவார்கள். கென்டக்கியில் நடப்பது இந்த முறை.

இன்னொன்று, புக்கி முறை. பிரிட்டன் இதன் தாய்வீடு. இங்கே நீங்கள் பணம் கட்டும்போது எந்த விலை சொல்லப்பட்டதோ, அந்த விலை உங்களுக்கு உறுதி. தலைவலி இங்கேதான்.

காலையில் சிவப்பின் மீது 1-க்கு 3 விலையில் 10 பவுண்ட் கட்டிவிட்டீர்கள். மதியம் கறுப்பு விலகிவிட்டது. இப்போது புதிதாக வருபவருக்கு சிவப்பின் விலை 1-க்கு 1 தான். உங்களுக்கு மட்டும் பழைய 1-க்கு 3-ஐயே கொடுத்தால், பலமான எதிரி இல்லாத பந்தயத்துக்குப் பலமான எதிரி இருந்த காலத்து விலை. புக்கிக்குப் பெரிய அடி. அதற்காக எல்லோருடைய பந்தயத்தையும் ரத்து செய்தால், உங்களுக்கு அநியாயம்.

வந்தது ரூல் 4

இதற்கு பிரிட்டிஷ்காரர்கள் கண்ட வழிதான் ‘டாட்டர்சால்ஸ் ரூல் 4’. 1766-ல் லண்டன் ஹைட் பார்க் கார்னர் அருகே ரிச்சர்ட் டாட்டர்சால் தொடங்கிய குதிரை ஏல நிறுவனத்தின் பெயர் அது. குதிரை வாங்க வந்தவர்கள் அங்கேயே பந்தயமும் கட்டினார்கள், தகராறும் வந்தது, தீர்த்துவைக்க ஒரு கமிட்டியும் வந்தது. அந்த கமிட்டியின் விதிகளில் ஒன்று இது.

விதி எளிமையானது. விலகிய குதிரைக்கு அந்த நேரத்தில் என்ன விலையோ, அதைப் பொறுத்து உங்கள் லாபத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் இத்தனை பென்ஸ் பிடித்தம்:

• 4-க்கு 1 என்ற அளவுக்குப் பலமான ஃபேவரிட் விலகினால் 80 பென்ஸ்
• 1-க்கு 1 என்றால் 45 பென்ஸ்
• 1-க்கு 3 என்றால் 25 பென்ஸ்
• 1-க்கு 4 என்றால் 20 பென்ஸ்
• 1-க்கு 6 முதல் 1-க்கு 9 வரை 10 பென்ஸ்
• 1-க்கு 10 முதல் 1-க்கு 14 வரை 5 பென்ஸ்
• அதற்கும் மேல் விலையுள்ள குதிரை விலகினால் பிடித்தமே இல்லை

இந்தப் பட்டியலை மேலே பார்த்த சதவீதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1-க்கு 3 என்றால் 25 சதவீத வாய்ப்பு. பிடித்தமும் 25 பென்ஸ். 1-க்கு 4 என்றால் 20 சதவீதம். பிடித்தம் 20 பென்ஸ். விலகிய குதிரை எத்தனை சதவீதச் சொத்தை விட்டுச் சென்றதோ, ஏறக்குறைய அதுதான் பிடித்தம். புக்கியின் பேராசை போலத் தெரிவது, உண்மையில் பாகப்பிரிவினைக் கணக்கு.

ஓர் உதாரணம். 1-க்கு 5 விலையில் ஒரு குதிரை மீது 10 பவுண்ட் கட்டினீர்கள். 1-க்கு 3 விலையில் இருந்த வேறொரு குதிரை விலகிவிட்டது. உங்கள் குதிரை ஜெயித்தது. லாபம் 50 பவுண்ட். அதில் 25 சதவீதம், அதாவது 12.50 பவுண்ட் பிடித்தம். மீதி 37.50 பவுண்டும், கட்டிய 10 பவுண்டும் உங்களுக்கு வரும். பிடித்தம் லாபத்தில் மட்டுமே. கட்டிய முதலில் கை வைக்க மாட்டார்கள். எத்தனை குதிரை விலகினாலும் மொத்தப் பிடித்தம் பவுண்டுக்கு 90 பென்ஸைத் தாண்டாது. விலகலுக்குப் பிறகு, புது விலையில் கட்டியவர்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

பொடி எழுத்தில் இருப்பவை

இரண்டு இடங்களில் மட்டும் விதி கடுமையாக இருக்கும்.

முதலாவது, பல வாரங்களுக்கு முன்பே கட்டும் ‘ஆன்டி-போஸ்ட்’ பந்தயம். இதில் நீங்கள் கட்டிய குதிரை ஓடாவிட்டால் பொதுவாகப் பணம் போனது போனதுதான். ‘ஓடாவிட்டால் பணம் வாபஸ்’ என்று புக்கி முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டுமே திரும்பும். முன்பே கட்டுபவருக்கு நல்ல விலை கிடைப்பது இந்த அபாயத்துக்கான கூலிதான்.

இரண்டாவது, ‘முதலில் வந்தாலும் சரி, அடுத்த இடங்களில் வந்தாலும் சரி’ என்று கட்டும் ‘ஈச்-வே’ பந்தயம். பிரிட்டனின் வழக்கமான கணக்குப்படி 8 குதிரையோ அதற்கு மேலோ ஓடினால் மூன்றாவது இடத்துக்கும் பணம் உண்டு. 5 முதல் 7 வரை என்றால் முதல் இரண்டு இடத்துக்குத்தான். 8 குதிரைப் பந்தயத்தில் யாரும் கண்டுகொள்ளாத நோஞ்சான் ஒன்று விலகினாலும் எண்ணிக்கை 7 ஆகிவிடும். உங்கள் குதிரை மூன்றாவதாக வந்தால் கையில் ஒன்றும் இல்லை!

விலகலையே ஆயுதமாக்கியவர்கள்

விதி இருந்தால் ஓட்டையும் இருக்குமே! 1974 ஆகஸ்ட் 26, பிரிட்டனில் வங்கி விடுமுறைத் திங்கள். அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலதிபர் டோனி மர்ஃபியும் கூட்டாளிகளும் ஒரு திட்டம் போட்டார்கள். அவர்களுடைய குதிரையின் பெயர் கே ஃபியூச்சர். ஓடிய இடம் வட இங்கிலாந்தின் கார்ட்மெல் என்ற குட்டி மைதானம்.

கே ஃபியூச்சர் மீது மட்டும் பெரிய தொகை கட்டினால் புக்கிகள் உஷாராகி விலையைக் குறைத்துவிடுவார்கள். அதனால் லண்டன் முழுக்கச் சின்னச் சின்னத் தொகையாக, ‘கே ஃபியூச்சரும் ஜெயிக்க வேண்டும், வேறு ஊரில் ஓடும் இன்னொரு குதிரையும் ஜெயிக்க வேண்டும்’ என்று இரட்டைப் பந்தயமாகக் கட்டினார்கள். இரண்டும் ஜெயிப்பது அரிது என்பதால் புக்கிகள் அசட்டையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்த இன்னொரு குதிரைகள் இரண்டு: ஓபரா குளோக், ஆன்கர்விக். ஸ்காட்லாந்தில் டோனி காலின்ஸ் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் இருந்தவை.

பந்தய நாளன்று அந்த இரண்டும் விலகிவிட்டன! இரட்டைப் பந்தயத்தில் ஒரு குதிரை ஓடாவிட்டால், முழுப் பணமும் மீதிக் குதிரை மீதான ஒற்றைப் பந்தயமாக மாறும் என்பது விதி. புக்கிகள் விழித்துக்கொண்டபோது, கார்ட்மெல் மைதானத்துக்குப் போனில் தகவல் சொல்லி விலையைக் குறைக்கவும் வழியில்லை. அந்த மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். வியர்த்து ஒழுகும் குதிரை போலத் தெரிய, கே ஃபியூச்சரின் கால்களில் சோப்புத் தூள் வேறு தடவியிருந்தார்கள். அது 1-க்கு 10 விலையில், 15 குதிரை நீளம் முன்னதாக வந்து ஜெயித்தது.

மாட்டிக்கொண்டது எப்படி? விலகிய குதிரைகள் லாயத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை என்பது ஒரு போன் விசாரிப்பில் வெளியே வந்துவிட்டது. மர்ஃபி, காலின்ஸ் இருவரையும் 1976-ல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. உடம்புக்கு முடியாமல் விலகுவது வேறு, விலகுவதற்காகவே பெயர் கொடுப்பது வேறு என்பதுதான் வழக்கின் சாரம்.

கணக்கு நியாயம்தான், கல்லா யாருடையது?

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் குறித்த வழக்கில், 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமைக்கு முதலிடம் உள்ள ஆட்டம் என்றது அந்தத் தீர்ப்பு. இதைச் சொல்லித்தான் பலர் ‘எனக்குக் குதிரையைப் படிக்கத் தெரியும்’ என்று பணத்தோடு கிளம்புகிறார்கள்.

திறமை இருக்கலாம். ஆனால் விலையைப் போடுபவர் புக்கி. சமபலமுள்ள இரண்டு குதிரைகள் என்றால் நியாயமான விலை 1-க்கு 1. அவர் கொடுப்பது 11-க்கு 10 ஆக இருக்கும். இரண்டு குதிரை மீதும் 110 ரூபாய் கட்டிப் பாருங்கள். கையைவிட்டுப் போவது 220. எது ஜெயித்தாலும் திரும்பி வருவது 210. எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் கூட்டினால் 100-ஐத் தாண்டும் அந்தக் கூடுதல்தான் அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறது. ஒரு குதிரை விலகினாலும், புது விலைப் பட்டியலில் அந்தக் கூடுதல் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடும். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் ஃபீஸையும் எடுத்துக்கொண்டு போகிறவர் எதிர்த்து நிற்பது குதிரையை அல்ல, இந்தக் கணக்கை.

ஆனாலும் விலகல் விதிகளுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. 2023 டெர்பியை ஒட்டிய நாள்களில் சர்ச்சில் டவுன்ஸில் 7 குதிரைகள் இறந்திருந்தன. அந்தச் சூழலில் ‘ஃபேவரிட்டாக இருந்தாலும் ஓட விட மாட்டேன்’ என்று ஒரு மருத்துவர் சொல்ல முடிகிறது என்றால், கட்டிய பணத்துக்கு என்ன வழி என்பது முன்பே எழுதிவைக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணம். பணம் வாபஸ், பானைக்குப் புதுக் கணக்கு, தீர்ந்தது விஷயம். ‘லட்சக்கணக்கானோர் பணம் கட்டிவிட்டார்கள், எப்படியாவது ஓட்டுங்கள்’ என்று யாரும் நெருக்க முடியாது.

ஃபோர்ட்டே இல்லாத அந்த டெர்பியில் 1-க்கு 15 விலையில் இருந்த மேஜ் ஜெயித்தது. புது ஃபேவரிட்டான ஏஞ்சல் ஆஃப் எம்பயருக்கு மூன்றாவது இடம்தான். ஃபோர்ட்டே? ஐந்து வாரம் கழித்து, ஜூன் 10 அன்று நடந்த பெல்மான்ட் பந்தயத்தில் ஓடி இரண்டாவதாக வந்தது. நான்கு காலும் பத்திரமாக!