ஐந்து நிபந்தனைகள் கேட்கும் வாயு

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து, ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போகும் ஜீப்புகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு, சமவெளியில் சளைக்காமல் ஓடிய பழைய எஞ்சின் மலையில் ஏற ஏற இளைத்துப்போவது புதிய செய்தியன்று. சுமார் 4,500 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு முறையும் பிஸ்டன் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் அவ்வளவுக்குக் குறைகிறது. எரிபொருளை வேண்டுமானால் இன்னும் ஒரு துளி கூட்டி ஊற்றலாம். அதை எரிக்கப் பிராணவாயு இல்லாவிட்டால், ஊற்றியதெல்லாம் கரும்புகையாக வெளியேறுமே ஒழியச் சக்தியாக மாறாது.

இந்தக் குறையை நிவர்த்திக்க யந்திர சாஸ்திரம் கண்ட வழிகளுள் ஒன்று, பிராணவாயுவைத் தன்னுள் அடக்கிய வேறொரு பொருளைச் சிலிண்டரில் அடைத்துக் கூடவே எடுத்துச் செல்வது. அந்தப் பொருள்தான் நைட்ரஸ் ஆக்ஸைடு. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி முதன்முதல் தயாரித்து, 1799-இல் ஹம்ப்ரி டேவி தாமே சுவாசித்துப் பார்த்து, அதன் விநோத குணத்தினால் 'சிரிப்பூட்டும் வாயு' என்று பெயர்பெற்று, பிற்பாடு அறுவைச் சிகிச்சையில் மயக்க மருந்தாகப் பிரசித்தமடைந்த அதே வாயு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, காற்று மெலிந்த உயரத்தில் பறக்கும் ஜெர்மானிய விமானங்களின் எஞ்சின்களுக்குள்ளும் புகுத்தப்பட்டது. ஆகவே கார்ப் பந்தயக்காரர்கள் இன்று நேர்ப்பாதையில் வேகத்துக்காகத் தேடும் இச்சாதனம், எஞ்சினுக்குள் புகுந்த காலத்தில் உயரத்தை வெல்லும் உபாயமாகவே புகுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதன் செயல்முறை கடினமானதன்று. நாம் சுவாசிக்கும் காற்றின் எடையில் பிராணவாயு சுமார் 23 சதவிகிதம். நைட்ரஸ் ஆக்ஸைடில் அது 36 சதவிகிதம். எஞ்சினுக்குள் உஷ்ணம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அவ்வாயுவின் மூலக்கூறு உடைந்து, பிராணவாயுவை விடுவிக்கிறது. தவிர, திரவமாக வந்து சட்டென்று ஆவியாகும்போது அது சுற்றியுள்ள காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்குவதனால், அந்த வழியிலும் சற்று ஆதாயம் உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டியிருக்க, நைட்ரஸ் ஆக்ஸைடாக இருந்தால் 9.6 கிலோவே போதும். இந்த வாயு தானே எரிவதில்லை என்பதும், எரிவதற்குத் துணைநிற்பது மட்டுமே அதன் தொழில் என்பதும் இதிலிருந்து விளங்கும். திரைப்படத்தில் பொத்தானை அமுக்கியதும் வாயுவே தீப்பிழம்பாய்ச் சீறுவதாகக் காட்டுவது வெறும் கற்பனை. ஆனால் எரியாத வாயுவாயிற்றே என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் மொஜாவி பாலைவனத்தில், எரிபொருள் எதுவும் சேர்க்காமல் நைட்ரஸ் ஆக்ஸைடை மட்டும் பாய்ச்சிப் பார்த்த ராக்கெட் பரிசோதனையில் நேர்ந்த வெடிப்பு மூவரின் உயிரைப் பறித்தது. நைட்ரஸ் செல்லும் குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கோ கிரீஸோ ஒட்டியிருக்கக் கூடாது என்று தேர்ந்த மெக்கானிக்குகள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

இனி, அல்லிநகரத்துப் பட்டறையொன்றில், இவ்வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தும் கிட் ஒன்றைப் பிரித்துப் பலகையில் பரப்பி வைத்தால் என்னென்ன தென்படும் என்று பார்ப்போம். அடியைத் தொடும் உறிஞ்சுகுழாய் உள்ளே பொருத்தப்பட்ட ஒரு சிலிண்டர். உலோக இழை பின்னிய நீண்ட குழாய். நைட்ரஸுக்கு ஒன்றும் பெட்ரோலுக்கு ஒன்றுமாக இரண்டு சோலினாய்டு வால்வுகள். இரண்டையும் கலந்து தெளிக்கும் நாசில். அதற்குள் அளவுபார்த்துத் துளையிட்ட இரண்டு ஜெட்டுகள். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், சில சுவிட்சுகள். சிலிண்டரை டிக்கியில் வால்வு முன்பக்கம் பார்க்கும்படி சாய்த்துக் கட்டுவார்கள். கார் சீறிப் புறப்படும்போது உள்ளிருக்கும் திரவம் பின்னுக்கு ஒதுங்குமாதலால், உறிஞ்சுகுழாயின் நுனி அங்கே அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

வேலையின் உயிர்நாடி வயரிங்கில் இருக்கிறது. சோலினாய்டுகள் அதிக ஆம்பியர் இழுப்பவை; அவ்வளவு மின்சாரத்தைச் சிறு சுவிட்சுகள் தாங்காதாகையால், அதைச் சுமக்கும் பொறுப்பு ரிலேயினுடையது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கம்பி ரிலேயின் 30 என்று எண்ணிட்ட முனையில் சேர, 87-ஆம் முனையிலிருந்து இரண்டு சோலினாய்டுகளுக்கும் ஒருசேர மின்சாரம் போகும். ரிலேயை இயக்கும் சுருளின் முனைகளாகிய 85, 86 இரண்டையும் சுற்றித்தான் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சாவி போட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் ஆயத்த சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் அடிவரை மிதிபட்டு அங்குள்ள மைக்ரோ சுவிட்ச் அமுங்கியிருக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சி குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயில் போதிய அழுத்தம் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. எந்த ஒன்று மறுத்தாலும் ரிலே அசையாது, வாயுவும் வராது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? நைட்ரஸ் வந்து பெட்ரோல் வராமற்போனால், உள்ளே வெப்பம் கட்டுமீறிப் பெருகி, சுமார் 660 டிகிரியில் உருகிவிடும் அலுமினியத்தாலான பிஸ்டனின் தலை சில விநாடிகளில் ஓட்டையாகிவிடும். ஐந்து காவலர் இருந்தும் கண்ணில் படாத கள்வன் ஒருவன் உண்டு: பெட்ரோல் சோலினாய்டின் எர்த் கம்பி தளர்ந்திருந்தால், குழாயில் அழுத்தம் இருப்பதாகவே சுவிட்ச் சாட்சி சொல்லும், வால்வு மட்டும் திறக்காது. ஆகவே பக்குவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன், சிலிண்டரின் வாயை மூடி, பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்கி, சுழற்சி சுவிட்சையும் அழுத்த சுவிட்சையும் ஒரு துண்டு வயரால் தற்காலிகமாக இணைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டாமலே ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, இரண்டு சோலினாய்டுகளின் மேலும் விரலை வைத்து, இரண்டிலும் 'டிக்' என்ற துடிப்பு தட்டுகிறதா என்று பார்ப்பார். பார்த்து முடித்ததும் அந்தத் துண்டு வயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதை மறந்து உள்ளேயே விட்டுவிட்டால் ஐந்து நிபந்தனைகள் மூன்றாகிவிடும் அல்லவா?

கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய தொல்லை ஒன்றும் இதில் உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டருக்குள் திரவமாக நிற்பது உஷ்ணத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 50 மடங்கு, 30 டிகிரியில் 62 மடங்கு, 36.4 டிகிரியைக் கடந்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகவே இராது. குளிர்தேசங்களில் இச்சாதனத்தை விற்பவர்கள் சிலிண்டரைச் சுற்றிக் கட்டுவதற்கு ஒரு மின்சார ஹீட்டரும் சேர்த்துத் தருகிறார்கள். சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரின் டிக்கி 36 டிகிரியைச் சிரமமின்றித் தாண்டும் நம் ஊரில், நிழலும் ஈரச் சாக்குமே தேவைப்படும். சுமார் 65 மடங்கு அழுத்தத்தைக் கருதித் துளையிட்ட ஜெட்டுகளின் கணக்கு, அழுத்தம் மாறினால் பிசகிவிடும். கணக்குப் பிசகினால் மறுபடி பிஸ்டனுக்குத்தான் ஆபத்து.

மலைப்பாதைக்காவது இது உதவுமா என்றால், கணக்கு அதற்கும் இடம்கொடுக்கவில்லை. நான்கரைக் கிலோ கொள்ளும் வழக்கமான சிலிண்டர், 50 குதிரைச்சக்தி கூடுதலாகத் தரும் அளவில் திறந்தால், மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் நிற்கும். முந்தலிலிருந்து சில வளைவுகள் ஏறுமுன்பே காலியாகிவிடும். வெளியே கழியும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ சாதனம், மலை முடியும்வரை அந்த ஊழியத்தைச் செலவின்றிச் செய்கிறது.

சட்டமும் பொதுச்சாலையில் இதற்குக் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் செய்த திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆயினும் இந்த வயரிங்கின் நியாயத்தைப் புரிந்துகொண்டவனுக்கு நம் ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரில், மூன்று பேஸில் ஒன்று அறுந்தாலும், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும், ஸ்டார்ட்டரின் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காப்பாற்றும் பாதுகாப்புச் சாதனங்களும், வரிசையில் நின்று மறுக்கும் இதே உரிமையைக் கொண்டவைதாம். இயக்குவதற்கு ஒரு சுவிட்ச் போதும். எப்போது இயங்கக் கூடாது என்பதை யந்திரத்துக்குக் கற்பிப்பதற்குத்தான் கம்பியும் புத்தியும் அதிகமாகச் செலவாகின்றன.