குதிரையின் பெயரால் திறந்த கதவு

தாதர் ஸ்டேஷனில் 2023 டிசம்பர் வரை ‘ஒண்ணாம் பிளாட்ஃபாரத்துக்கு வந்துடு’ என்று சொன்னால் ஆபத்து. வெஸ்டர்ன் லைனில் ஒரு ஒன்று, சென்ட்ரலில் இன்னொரு ஒன்று. பிறகுதான் சென்ட்ரல் பிளாட்ஃபாரங்களுக்கு 8 முதல் 14 வரை எண் போட்டார்கள். நின்டெண்டோவின் ‘வீ’ விளையாட்டுக் கருவிக்குள் மட்டும் பழைய தாதர் ஏற்பாடுதான்.

2006-ல் வந்து 10 கோடிக்கு மேல் விற்று, உற்பத்தி நின்றுபோன கருவி இது. உள்ளே 512 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு ஃபோல்டர். பெயர்களெல்லாம் வெறும் எண்கள். எதைத் திறந்தாலும் ‘டைட்டில்.டிஎம்டி’ என்று ஒரே பெயரில் ஒரு ஃபைல். எந்த லைன் என்று தெரியாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை.

அட்டவணையும் சாமர்த்தியமானது. எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலுக்கு 16 இடங்கள். மாற்றம் வரும்போது பழையதை அழிப்பதில்லை. அடுத்த இடத்தில் புதுப் பிரதி எழுதி, வரிசை எண்ணைக் கூட்டுகிறது. நடுவில் கரண்ட் போனால் முந்தைய பிரதி கை கொடுக்கும்.

விளையாட்டு ஓடும் பிரதான சிப் இதையெல்லாம் நேரடியாகத் தொட முடியாது. காவலுக்கு நிற்கும் ஒரு சிறிய பிராசஸரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கருவிக்கும் தனி ரகசியச் சாவி.

இத்தனை கட்டுக்காவலையும் மீறிச் சொந்தமாக புரோகிராம் எழுதுபவர்கள் நுழைந்தது 2008-ல், ஒரு குதிரை வழியாக. ஜெல்டா வரிசையின் ‘ட்விலைட் பிரின்சஸ்’ விளையாட்டில் நாயகனின் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். விளையாட்டைச் சேமித்த ஃபைலை எஸ்டி கார்டிலிருந்து உள்ளே காப்பி செய்ய நின்டெண்டோவே வசதி தந்திருந்தது. அந்த ஃபைலில் குதிரைப் பெயரை மிக நீளமாக எழுதினார்கள். விளையாட்டு நீளத்தைச் சோதிக்கவில்லை. பெயர் தன் இடத்தைத் தாண்டி வழிந்து, அடுத்து எதை ஓட்டுவது என்ற குறிப்பின் மேலேயே விழுந்தது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. காவலாளியே உள்ளே விட்ட ஃபைல்!

நின்டெண்டோ அதே ஆண்டு ஜூனில் அந்த ஃபைலைத் தேடி அழிக்கும் அப்டேட்டை அனுப்பியது. அதிலும் ஓட்டை. (திருட்டு விளையாட்டுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள் என்பது வேறு கதை.)

விவரமானவர்கள் இன்றும் உள் நினைவகத்தில் கை வைப்பதில்லை. எஸ்டி கார்டில் ‘ஆப்ஸ்’ ஃபோல்டர், அதற்குள் புரோகிராமுக்கு ஒரு ஃபோல்டர், அதில் ‘பூட்.டாட்’ மாதிரி கண்ட பெயர் அல்ல, ‘பூட்.டிஓஎல்’ என்றே ஒரு ஃபைல். அவ்வளவுதான். உள்ளே முக்கியமான ஃபைல் ஒன்று கெட்டால் கருவி செங்கல்தான். அதனால் முதல் வேலை, ‘பூட்மீ’ என்ற புரோகிராமால் நினைவகம் முழுவதையும் கார்டில் பிரதி எடுப்பது. தனிச் சாவி காரணமாக, பக்கத்து வீட்டுக் கருவியின் பிரதி உதவாது.

பழைய கருவி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்பகாலக் கருவிகளில் பூட்மீயை மெனுவுக்கு முன்பே ஓடும்படி அமைக்கலாம். மெனு கெட்டாலும் மீட்டுவிடலாம். பின்னால் வந்தவற்றில் நின்டெண்டோ அந்த வழியைத் தொழிற்சாலையிலேயே அடைத்துவிட்டது.