மங்கியது கண்ணல்ல, விளக்கு!

லெம்பா பெர்த்தாமில் இருக்கும் என் மாமா சில மாதங்களாக இரவில் கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். "கண்ணு மங்கிருச்சு மாப்ள. ரிங்லெட் போற வளைவுல ரோட்டுக் கோடே தெரியல" என்றார். ஆனால், கண் பரிசோதனையில் பெரிய குறை எதுவும் இல்லை. புது பல்ப் மாட்டியும் பயனில்லை.

தீபாவளிக்குப் போயிருந்தபோது அவருடைய பழைய மைவியைச் சுற்றிவந்து பார்த்தேன். முகப்பு விளக்குகள் இரண்டும் மஞ்சளித்து, மேலே வெள்ளை படர்ந்து கிடந்தன. பல்ப் நன்றாகத்தான் எரிந்தது. வெளிச்சம்தான் வெளியே வரவில்லை.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. மங்கிப்போன விளக்கு, புது விளக்கு தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மட்டுமே தருகிறது என்று அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான 'ஏஏஏ' 2018இல் வெளியிட்ட சோதனை முடிவு சொல்கிறது. அந்தக் கொஞ்ச வெளிச்சமும் நேராகப் போகாமல் சிதறும். கேமரன் மலைப் பனிமூட்டத்தில் நமக்கும் பாதை தெரியாது, எதிரே வருபவருக்கும் கண் கூசும்.

ஏன் மங்குகிறது?

காய்கறி ஏற்றிப் போகும் பழைய லேண்ட் ரோவர்களைப் பாருங்கள். உடம்பெல்லாம் சேறும் நெளிசலுமாக இருக்கும். ஆனால், அந்த வட்ட விளக்குகள் மஞ்சளாவதில்லை. காரணம், அவை அசல் கண்ணாடி.

இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது, எடையும் குறைவு. ஆனால், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு போடுகிறார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு சிதையும்போதுதான் மஞ்சள் தொடங்குகிறது.

"நம்ம ஊரு குளிர்தானே" என்று இருந்துவிட முடியாது. ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படிச் சரிசெய்வது?

முதலில் விளக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். சுற்றியுள்ள பெயிண்டில் கீறல் விழாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் மூன்று வகை வேண்டும்: 1000, 2000, 3000. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். 1000இல் தொடங்கி, வழிந்தோடும் நீரில் மஞ்சள் மறையும்வரை ஈரம் காயாமல் தேயுங்கள். பிறகு 2000, 3000. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய கீறல்கள் போய்விட்டனவா என்று தெரியும். இந்தக் கட்டத்தில் விளக்கு முழுவதும் வெளுத்திருக்கும். பயப்பட வேண்டாம். பாலிஷ் போட்டு மென்துணியால் தேய்த்தால் தெளிந்துவிடும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு நடப்பது இங்கேதான். பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டோம், இப்போது பிளாஸ்டிக் வெறும் உடம்போடு வெயிலில் நிற்கிறது. பற்பசை வைத்தியமும் இப்படித்தான். பளபளக்கும், சீக்கிரமே மறுபடி மங்கும். ஆகவே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சைக் கட்டாயம் போடுங்கள். மலையில் ஈரக்காற்று அதிகம். ஈரம் சிக்கினால் பூச்சு வெளுத்துவிடும். மழையில்லாத முற்பகலில், விளக்கு நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள். ஸ்பிரே என்றால் முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

எப்போது பலிக்காது?

விரிசல் இருந்தாலோ, உள்பக்கம் மங்கியிருந்தாலோ, நீர் கோத்திருந்தாலோ வெளியே தேய்த்துப் பயனில்லை. மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் ஒளி விழும் கோணத்தையும் பட்டறையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேய்த்துச் சரிசெய்த விளக்கும் புதுசுக்கு ஈடாகாது. அதே சோதனையில் சுமார் 70 விழுக்காடு வெளிச்சமே திரும்பியது. ஆனாலும், 20 எங்கே, 70 எங்கே!

மறுநாள் இரவு மாமா தாமே சாவியை எடுத்தார். ரிங்லெட் வரை போய்த் திரும்பி வந்து, "கோடு தெரியுது மாப்ள" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இரவில் ஓட்டத் தயங்கினால், கண்ணைப் பரிசோதியுங்கள். வாசலில் நிற்கும் காரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.