பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் மரபின் தோற்றமும் வளர்ச்சியும்

தனியொருவர் பெற்ற இறையனுபவத்திலிருந்து சமய மரபொன்று உருவாதல் பல நாடுகளிலும் காணப்படுவதாகும். அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித், தமக்குக் கிடைத்ததாகக் கூறிய வெளிப்பாட்டின் அடிப்படையில் 1830-இல் மார்மன் நூலை வெளியிட்டுத் திருச்சபையையும் நிறுவினார். அந்நூல் விவிலியத்தோடு ஒப்ப வைத்தெண்ணப்படும் மறைநூலாயிற்று. அதே நூற்றாண்டில் இராமநாதபுரக் கடற்கரையில் தோன்றிய பாம்பன் சுவாமிகள் மரபு வேறொரு வளர்ச்சிநெறியைக் காட்டுகிறது.

இராமேசுவரத்தில் பிறந்து பாம்பனில் வளர்ந்த அப்பாவு, அருணகிரிநாதரை ஞானகுருவாகக் கொண்டு முருகனைப் பாடினார். 1891-இல் அவர் இயற்றிய சண்முக கவசத்தின் 30 பாடல்களும் 12 உயிர்களையும், உயிர்மெய் வடிவில் 18 மெய்களையும் வரிசைப்படி முதலாகக் கொண்டவை. இந்நெடுங்கணக்கு அமைப்பு மனனத்திற்கு எளிதாதலின் பாராயணத்திற்குத் துணைசெய்தது. 1894-இல் பிரப்பன்வலசையில் 35 நாள் தவமிருந்து முருகனிடம் உபதேசம் பெற்றார் என்பது அடியார் வழக்கு. பின்னர்ச் சென்னையை அடைந்தார். அங்கு 1923-இல் விபத்தில் கால் முறிந்தபோது அடியார்கள் கவசத்தை ஓதினர். மருத்துவமனையில் அவர் கண்ட மயிற்காட்சி, மயூரவாகன சேவன விழாவாக மார்கழிதோறும் கொண்டாடப்படுகிறது. 1929-இல் மறைந்த அவருடைய சமாதி திருவான்மியூரில் வழிபாட்டிடமாக விளங்குகிறது.

ஸ்மித்தின் திருச்சபை, சேர்வோர்க்குத் திருமுழுக்கை விதித்தது. கவசம் ஓதுவோர் எச்சபையிலும் சேர வேண்டுவதில்லை. ஆகவே, இம்மரபின் பரவலை உறுப்பினர் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. நூற்பதிப்பு, பாராயணம், விழா ஆகியவற்றையே ஆய்வாளர் முதன்மைத் தரவுகளாகக் கொள்ளுதல் தகும்.