கிளி எண்ணலாம் வாங்க

டுசல்டோர்ஃபில் பச்சைக்கிளி இருக்குன்னு சொன்னா ஊர்ல யாரும் நம்பறதில்லை. நிஜமாவே இருக்கு மக்களே. நம்ம தோப்புல கொய்யாவைக் கொத்துற அதே கிளி. அதே கீச்சுக்குரல், ஆண் கிளிக்குக் கழுத்தில் அதே ஆரம். கூண்டிலிருந்து வெளியேறிய கிளிகள் 1960களின் கடைசியில் பக்கத்து நகரமான கொலோனில் குடும்பம் நடத்த ஆரம்பித்து, ரைன் நதியோரமாக இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டன. விசா கேட்க ஆளில்லை :-)

2010களில் இவை இரவு தங்கத் தேர்ந்தெடுத்த இடம் கோனிக்ஸ்அல்லே. விலைச்சீட்டைப் பார்த்தாலே நமக்குத் தலைசுற்றும் கடைகள் உள்ள தெரு. அங்கே மரத்தில் கூட்டமாக உட்கார்ந்து கீழே போகிறவர் கோட்டில் எச்சம் போட்டால் சும்மா இருப்பார்களா? விரட்டணும்னு ஒரு கட்சி, அழகா இருக்கு விடுங்கன்னு இன்னொரு கட்சி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது கட்சி. அதாவது எண்ணுகிறவர்கள். கிளிகள் ராத்திரிக்கு ஒரே இடத்தில் கூடுவதால், சாயங்காலம் திசைக்கு ஒருத்தர் நின்று வந்து சேர்கிற கூட்டங்களை எண்ணினால் ஏறக்குறைய மொத்தமும் தெரிந்துவிடும். வந்தேறிக் கிளி மற்ற பறவைகளின் மரப்பொந்தைப் பிடுங்குதா இல்லையா என்ற சண்டையில், வருடாவருடம் எடுத்த கணக்கு இல்லாமல் யார் பேசினாலும் அது வெறும் வாய்ச்சண்டைதான்.

ஜெர்மானியர்களுக்கு இது கிட்டத்தட்ட ஒரு திருவிழா. நாபு என்கிற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2005லிருந்து ஒவ்வொரு மே மாதமும் தோட்டப் பறவைகளை எண்ணச் சொல்லி மக்களைக் கூப்பிடுகிறது. ஒரு மணி நேரம் போதும். பால்கனியே போதும். ஒரே குருவி பத்து தடவை வந்து போனால் பத்துன்னு எழுதக்கூடாது என்பதால், ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ அதை மட்டும் எழுதணும். எளிமையான விதி, ஆனா கெட்டிக்காரத்தனமானது.

பொழுதுபோக்குன்னு நினைச்சா, 2020ஐப் பாருங்க. அந்த வசந்தத்தில் ப்ளௌமைஸெ என்கிற நீலமும் மஞ்சளுமான குட்டிக் குருவிகள் தோட்டங்களில் செத்து விழுந்தன. முதலில் கவனித்துச் சொன்னது வீட்டில் இருந்த சாதாரண ஜனங்கள். ஆய்வகத்தில் பார்த்தபோது நுரையீரலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா என்று தெரிந்தது. நோய்ப் பறவைகள் தெரிந்தால் தீனி, தண்ணீர் வைப்பதை நிறுத்துங்கள், கூட்டம் கூடினால் தொற்றும் என்று நாபு சொன்னது. (கொரோனா சமயத்தில் குருவிக்கும் சமூக இடைவெளி!) அந்த மே மாதக் கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். நீலக் குருவி குறைந்திருப்பது எண்ணிக்கையில் அப்படியே தெரிந்தது. முந்தைய வருடங்களின் கணக்கு கையில் இருந்ததால்தானே 'குறைந்தது' என்று சொல்ல முடிந்தது?

நம்மூரிலும் இது நடக்குது. செல்ஃபோன் டவரால் சிட்டுக்குருவியே அழிஞ்சு போச்சுன்னு எத்தனை ஃபார்வர்டு வந்திருக்கும்! சுமார் 15,500 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்ததை வைத்து 2020ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை வேறு மாதிரி சொன்னது. நாடு முழுக்கப் பார்த்தால் குருவி பெரும்பாலும் நிலையாகவே இருக்கு. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கு. அப்போ கவலைப்பட வேண்டிய இடம் எதுன்னு தெரியுதில்ல?

எண்ணாமலே காப்பாற்றுகிறவர்களும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதுன்னு பல பத்து வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்தப் பிள்ளைகளை நினைச்சாத்தான் கொஞ்சம் பாவமா இருக்கு.

ஊரில் இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2015லிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. கரும்பு கடிச்சுக்கிட்டே மொட்டை மாடியில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். எங்க வீட்டிலும் சொல்லி வச்சிருக்கேன். காக்கா தானேன்னு விட்டுடாதீங்க, அது எத்தனைன்னும் எழுதணும்.