பயாப்சிக்குப் பின் குளிர்காய்ச்சல் வந்தால்

கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு ரத்தப் பரிசோதனை அளவுகள் கூடினால், புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்குகிறதா என்று பார்க்க டாக்டர் பயாப்சிக்கு எழுதுவார். வலப்பக்க விலா இடுக்கில் மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைச் செலுத்தி, நூல் துண்டு போல இரண்டு சென்டிமீட்டர் அளவில் சதை எடுப்பார்கள். சில மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் அன்றே அனுப்பிவிடுவார்கள்.

தென்காசிப் பக்கத்துச் சுரண்டைக்காரருக்குச் சிக்கலே அங்கேதான். சென்னையில் பயாப்சி முடித்து அன்றிரவே பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், தென்காசி வந்துசேர விடிந்துவிடும். பயாப்சியால் வரும் கோளாறுகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் தலைகாட்டும். ஓர் இரவு சென்னையிலேயே தங்கிவிடுங்கள்.

அந்தக் கோளாறுகளில் ஒன்றான கிருமித்தொற்று எல்லோருக்கும் வருவதில்லை, அபூர்வம்தான். யாருக்குக் கூடுதல் ஆபத்து என்பது பித்தக்குழாயை எப்படி இணைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பலருக்குக் குழாயோடு குழாயை இணைப்பார்கள். சிலருக்குச் சிறுகுடலோடு நேராக இணைக்க வேண்டிவரும். குழாயின் முனையில் இயற்கையாக உள்ள சுருக்குத்தசை குடல் கிருமிகளை மேலே ஏறவிடாது. குடலோடு இணைத்தவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. பித்தத்தில் கிருமிகள் குடியிருக்கும். ஊசி ஒரு சிறு பித்தக்குழாயைத் தொட்டுவிட்டால் அவை ரத்தத்தில் கலக்கும். குழாய் சுருங்கிப் பித்தம் தேங்கினாலும் இதே ஆபத்து உண்டு. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்ட குழந்தைகளுக்கு வழக்கமாகக் குடல் இணைப்புதான்.

உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹெபாட்டிகோஜெஜுனாஸ்டமி’ அல்லது ‘ரூ-என்-ஒய்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்களுக்குக் குடலோடு இணைத்திருக்கிறார்கள் என்று பொருள்; ஊசி போடும் முன்பே டாக்டரிடம் காட்டி, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேளுங்கள்.

வீடு வந்தபின் உடம்பு நடுங்கிக் குளிர்வது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வயிற்றுவலி, கண் மஞ்சளாவது, தலைசுற்றல் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் லேசாகத்தான் தெரியும். அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இன்னும் மோசம். கிளாரித்ரோமைசின் போன்றவை புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடனே மாற்று அறுவை செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ 108இல் கிளம்புங்கள். சம்மரியைக் கையோடு எடுத்துப்போய், பயாப்சி எடுத்த நாளை முதலில் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஏற்றும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுப்பார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற மருந்துக்கு மாற்ற முடியும்.